அளவு ஜாக்கெட்

செம்மணல்விளையில் டேப் வைத்து அளவெடுத்து ஜாக்கெட் தைத்துக்கொண்ட பெண் ஒருத்தியும் கிடையாது. உடம்புக்குப் பாந்தமாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத் துணிக்குள் சுருட்டி, மஞ்சப்பையில் போட்டு, டெய்லர் மரியரோஸிடம் கொடுத்து, இதே மாதிரிதான், கழுத்து மட்டும் கொஞ்சம் இறக்கி என்று சொல்லிவிட்டு வந்தால் வேலை முடிந்தது. அந்தப் பழைய ஜாக்கெட்டுக்கு அளவு ஜாக்கெட் என்று பேர். மரியரோஸும் அதைத் துணிமேல் விரித்துப் போட்டு, சாக்குக்கட்டியால் கோடு இழுத்து, வெட்டித் தைத்து, நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துவிட்டுக்கொள்ளட்டும் என்று பக்கவாட்டில் உள்ளே ரெண்டு விரல் துணியும் விட்டுக் கொடுப்பாள். உலகம் பூராவும் நடக்கிற காரியம்தான், இதில் ஒரு விபரீதம் வரும் என்று யார் கண்டது?

தங்கபுஷ்பத்தைப் பெண் பார்க்க வந்த காலத்தில் ஊருக்கு வேறு நியாயம் இருந்தது. அப்போது அவள் ஒல்லிக்குச்சி. வந்தவர்கள் எல்லாம், பிள்ளை காத்தடிச்சா பறந்துரும் போலிருக்கே, நாலு குடம் தண்ணி எடுப்பாளா, நாளைக்குப் பெத்துப் பிழைப்பாளா என்று காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அவளைப் பெற்றவள் விடுவாளா, காலையில் உளுந்தங்களி, மதியம் சோற்றில் நெய், சாயங்காலம் எள்ளுருண்டை என்று மகளை ஊட்டு ஊட்டென்று ஊட்டி, அப்படியும் போதாமல் பெண் பார்க்கிற அன்றைக்கு உள்ளே ரெண்டு பாவாடை சேர்த்துக் கட்டிவிட்டு, மாப்பிள்ளை பால்பாண்டி வீட்டாரைச் சம்மதிக்க வைத்தாள். அன்றைக்குப் போட்ட உடம்பு தங்கபுஷ்பத்துக்கு அதற்கப்புறம் இறங்கவே இல்லை. பூசினாப்போல, மகாலட்சுமி மாதிரி, என்று ஊரே மெச்சிய உடம்பு அது. அந்த மெச்சல் எப்போது நின்றது, யார் நிறுத்தினார்கள் என்று அவளுக்கு ஒருத்தரும் தாக்கல் சொல்லவில்லை.

மகள் பொன்மலருக்கு மாப்பிள்ளை தேடும்போதுதான் தெரிந்தது. பொன்மலர் அம்மாவை உரித்து வைத்த பிள்ளை. அதே கன்னம், அதே தோள், அதே நடை. ஆனால் இப்போது வந்தவர்கள் வேறு மாதிரிப் பேசினார்கள். படிப்பு உண்டு, குணம் உண்டு, நிறம்கூடப் பரவாயில்லை, பிள்ளைதான் கொஞ்சம், என்று சொல்லி மிச்சத்தைக் கையால் அகலமாகக் காட்டினார்கள். ஒருத்தர் காட்டினார், ரெண்டு பேர் காட்டினார்கள், அப்புறம் அந்தக் கை காட்டலே அந்த வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. கொள்ளு ரசம் வைத்தார்கள், வெந்நீரில் தேன் விட்டுக் கொடுத்தார்கள், செம்மணல் தேரிக்காட்டைச் சுற்றி நடக்க வைத்தார்கள். பொன்மலர் தட்டில் சோறு விழும்போதெல்லாம் வீட்டிலிருக்கிற அத்தனை கண்ணும் அந்தத் தட்டுக்குப் போயிற்று. அந்தப் பிள்ளை பசியோடு எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது. தங்கபுஷ்பம் கதவு வரைக்கும் போனாள், ஆனாலும் கூப்பிட்டு இன்னொரு கை சோறு வைக்கவில்லை.

இப்படி இருக்கையில் மகன் லிங்கதுரை தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். இந்துஜா என்று பேர். கல்யாணக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றபோது பெண்கள் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பியது. இடுப்பு என்று ஒன்று இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும். கழுத்தெலும்பு ரெண்டும் குழித்துக்கொண்டு நின்றன. முன்காலத்தில் என்றால் சீக்காளிப் பிள்ளையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பந்தியிலேயே பேசியிருப்பார்கள். இப்போதோ, செதுக்கி வச்சாப்ல இருக்கா பாரு என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்கள். இந்துஜா நல்ல பிள்ளை. அத்தை, அத்தை என்று தங்கபுஷ்பத்தின் பின்னாலேயே சுற்றினாள், பொன்மலரைச் சாப்பிடச் சொன்ன ஒரே ஆளும் அவள்தான்.

அடுத்த மாப்பிள்ளை வீட்டார் மதுரைப் பக்கம், பெரிய இடம். அவர்கள் வருவதாகத் தகவல் வந்ததும் தங்கபுஷ்பத்துக்குப் புத்தி அந்த மாதிரிப் போயிற்று. மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பீரோவைத் திறந்து, அவளுடைய நீல ஜாக்கெட் ஒன்றை எடுத்து, பட்டுத் துணிக்குள் சுருட்டிக்கொண்டு டெய்லர் கடைக்குப் போனாள்.

மரியரோஸ் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, யக்கா, இது பொன்மலருக்குக் கை நுழையவே காணாதே என்றாள்.

"நீ தையி. போடுறதுக்குள்ள மெலிஞ்சிருவா."

பொன்மலர் மெலியவில்லை. பெண் பார்க்க வருகிற அன்றைக்குக் காலையில் அந்தப் பட்டு ஜாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஏம்மா என்னை இப்படிக் கொல்லுத என்று கேட்டாள். போட்டுத்தான் பாரேன் என்றாள் தாய். பிள்ளை வீம்புக்குக் கையை நுழைத்தாள், கை நுழைந்தது. கீழ்க்கொக்கியை மாட்டினாள், வயிறு உள்ளே போயிற்று. அடுத்த கொக்கிக்கு விலா ஒடுங்கியது, அதற்கடுத்த கொக்கிக்குத் தோள் இறங்கியது, மேல்கொக்கி மாட்டினபோது கழுத்தெலும்பு ரெண்டும் குழித்துக்கொண்டு எழும்பின. பொன்மலரின் முகத்தை எடுத்து இந்துஜாவின் உடம்பில் வைத்தது மாதிரி நின்றாள். போன சதை எங்கே போயிற்று என்று தாயும் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை. வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, சீக்கிரம் திரும்பு, பூ வைக்கணும் என்றாள் தங்கபுஷ்பம். தை மாதத்தில் கல்யாணம் என்று அன்றைக்கே பேசி முடித்தார்கள்.

அந்தச் சங்கதி ஊருக்குள் பரவ அதிக நேரம் பிடிக்கவில்லை. முதலில் எதிர்வீட்டு நாச்சியார் வந்து, மைனி, அந்த அளவு ஜாக்கெட்டை ஒரு நாளைக்குத் தாங்களேன் என்று வாங்கிக்கொண்டு போனாள். அவளிடமிருந்து அவள் நாத்தனாருக்குப் போயிற்று, அங்கிருந்து மேலத்தெருவுக்கு, மேலத்தெருவிலிருந்து பள்ளிக்கூடத்து டீச்சர்மாருக்கு, அவர்களிடமிருந்து இடையன்விளைக்கு என்று, விசேஷத்துக்கு இரவல் கேட்கிற பெரிய இட்லிக் கொப்பரை மாதிரி அந்த நீல ஜாக்கெட் வீடு வீடாகப் போய்வந்தது. கடைசியில் மரியரோஸ் அலுத்துப்போய் அந்த அளவில் அட்டை வெட்டிச் சுவரில் மாட்டிவிட்டு, ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் யாரும் அளவு என்று எதையும் கொண்டுபோகவில்லை. துணியை மட்டும் கொடுத்தார்கள்.

ஒரு தடவை போட்டால் போதும், கழற்றினாலும் உடம்பு அந்த அளவிலேயே நின்றது. வயிறு முட்டத் தின்றாலும் ஏறவில்லை, பட்டினி கிடந்தாலும் இறங்கவில்லை. லாலா கடைக்காரர் அல்வாவுக்கு இன்னொரு சட்டி வைத்தார். குடம் இடுப்பில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது, சின்னக் குடமாகச் செய்யச் சொல்லி வாங்கினார்கள். கைப்பிள்ளைகளும் இடுப்பில் நிற்காமல் வழுக்கின, ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டார்கள். முருங்கைக்காய்க் கட்டைத் தலைக்குத் தூக்கிவிடப் பெண்களுக்குக் கை வலு காணவில்லை, வெளியூர்ப் பெண்களைக் கூலிக்குக் கூப்பிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் ஒருத்தன் தன் பெண்டாட்டி என்று நினைத்து இன்னொருத்தன் பெண்டாட்டியின் தோளைத் தட்டிவிட, அடிதடியாகி, இனிமேல் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு முகத்தைப் பார்த்த பிறகுதான் தொட வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு பண்ணினார்கள். அம்மன் கொடைத் திருவிழாவில் பெண்கள் வரிசையாக மாவிளக்கு எடுத்து வந்தபோது, பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரே பெண் தெருக்கோடி வரைக்கும் நிற்பது மாதிரி இருந்தது. செம்மணல்விளைப் பெண் என்றால் பார்க்காமலே பேசி முடிக்கலாம் என்று ஊர் ஊராகப் பேச்சாயிற்று. இதையெல்லாம் ஊர் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டது.

இந்துஜா மட்டும் தெருவில் இறங்குவதைக் குறைத்துக்கொண்டாள். கேட்டதற்கு, முன்னாலயும் நான் போறேன், பின்னாலயும் நான் வாறேன், நடுவுல நடக்க எனக்குப் பயமா இருக்கு அத்தை என்றாள். தங்கபுஷ்பம் சிரித்து மழுப்பினாள்.

அந்தச் சமயத்தில்தான் இந்துஜா முழுகாமல் இருந்தாள். மூன்று மாதம், ஐந்து மாதம், ஏழு மாதமும் ஆயிற்று, வயிறு எழும்பவில்லை. ஜாக்கெட் கொக்கி ஒன்றுகூட இறுகவில்லை, சேலைக்கொசுவம் ஒரு விரல் தள்ளவில்லை. வளைகாப்புக்கு வந்த பெண்கள் சந்தனம் தடவி, வளையல் அடுக்கி, ஏழு மாசம்னு சொன்னா யார் நம்புவா, உடம்பை எப்படி வச்சிருக்கா பாத்தியளா என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். அவர்கள் போனபிறகு இந்துஜா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, வயிற்றின்மேல் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்கினாள். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு உயிர் நன்றாகத்தான் இருக்கிறது, கை காலை நீட்ட இடம்தான் இல்லை, சாப்பிடாமல் கிடக்கிறாளா என்று தங்கபுஷ்பத்தைப் போட்டுத் திட்டினாள். சாப்பிடாமல் எங்கே, அந்தப் பிள்ளை வாய்க்கும் வயிற்றுக்குமாகத் தின்றுகொண்டுதான் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் இந்துஜா படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, அத்தை, பிள்ளை முதுகை நிமித்துது, கொஞ்சம் இடம் கிடைச்சாப்ல இருக்கு என்று சிரித்தாள். சாயங்காலமே, மறுபடி இறுக்கிட்டு என்று படுத்துவிட்டாள். மறுநாள் நாச்சியார் வந்து தன் கதையைச் சொன்னாள்: நேற்று மத்தியானம் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறும்போது கதவுத் தகரம் கொளுவி இழுத்து ஜாக்கெட் பக்கத் தையல் விட்டுப்போச்சாம், அத்தனை சனத்துக்கு நடுவில் பழைய உடம்பு திபுதிபுவென்று வந்து நின்றதாம், மானமே போச்சு மைனி, சாயங்காலமே மரியரோஸிடம் போய் இழுத்துத் தைத்துக்கொண்டேன், தைத்ததும் அடங்கிவிட்டது என்றாள். தங்கபுஷ்பம் ரெண்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்தாள். ஊரிலிருக்கிற ஒவ்வொரு ஜாக்கெட்டும் அந்த அளவைப் பிடித்து வைத்திருக்கிறது. அளவுக்குச் சொந்தக்காரி உடம்பு பெருக்க முடியாமல் அத்தனையும் சேர்ந்து அவளைக் கட்டி வைத்திருக்கிறது. உள்ளே கிடக்கிற தன் பேரப்பிள்ளைக்கு ஊரே சேர்ந்து வாசலை அடைத்திருக்கிறது.

அன்றைக்கே கிளம்பினாள். மேலத்தெரு, கீழத்தெரு, இடையன்விளை, டீச்சர்மார் வீடு, ஒன்று விடவில்லை. தாயே, ஒரு உசிரு, பக்கத் தையலை மட்டும் பிரிச்சு விடுங்க, பிள்ளை பிறந்ததும் என் செலவில் மறுபடி தைத்துத் தாரேன் என்று படி ஏறிப் படி இறங்கிக் கும்பிட்டாள். ஐயோ, பச்சப்பிள்ளை விஷயமாச்சே என்று எல்லோரும் பதறினார்கள். அடுத்த வாரம் மச்சினன் கல்யாணம் முடியட்டும் என்றாள் ஒருத்தி. வெளிநாட்டிலிருந்து அவுக வந்திட்டுப் போகட்டும் என்றாள் இன்னொருத்தி. தங்கபுஷ்பம் வாசலிலேயே உட்கார்ந்து அழுத பிறகு, சரி, இன்னைக்கே பிரிக்கேன் என்று அம்மன்மேல் சத்தியம் பண்ணினார்கள். மறுநாளிலிருந்து ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் முந்தானையை இழுத்து உடம்பைச் சுற்றி மூடிக்கொண்டு நடந்தார்கள். கேட்டால், பிரிச்சாச்சு மைனி, பழைய உடம்போட நடக்கக் கூச்சமா இருக்கு என்றார்கள். மார்கழிப் பனி வேறு என்றார்கள், உச்சி வெயிலில்.

இந்துஜாவின் வயிறு அசையவில்லை. தங்கபுஷ்பம் தனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தாள். ஊர் பூராவும் பிரித்தாயிற்று, பாக்கி ஒன்றே ஒன்றுதான், அது அவள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஊரெல்லாம் கும்பிட்டவள் சொந்த மகளிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இந்துஜாவே ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள்.

"பொன்மலரு ஜாக்கெட்டையும் பிரிக்கணும்லா, அத்தை?"

"தாலி ஏறட்டும்மா. ஏறினதும் என் கையாலேயே பிரிச்சிருதேன்."

இந்துஜா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற பாவத்தைத் தங்கபுஷ்பம் எந்தக் கடலில் போய் முழுகித் தொலைப்பாள்?

தை பிறந்தது, தாலி ஏறியது. ஏறின கையோடு தங்கபுஷ்பம் மகளை மணமகள் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் தாழ்போட்டு, பிளேடால் அந்தப் பட்டு ஜாக்கெட்டின் பக்கத் தையலை மேலிருந்து கீழ்வரைக்கும் கீறினாள். பொன்மலர் கையைப் பிடித்துத் தடுத்தாள், வேண்டாம்மா, வேண்டாம்மா, சாப்பிட விடும்மா, நிம்மதியா சாப்பிட்டுக்கிட்டு இருக்கேம்மா என்று கெஞ்சினாள். தையல் விட விட, தோள் வந்தது, வயிறு வந்தது, தாயை உரித்து வைத்த பழைய பொன்மலர் கல்யாணச் சேலைக்குள் அழுதுகொண்டு நின்றாள். வெளியே வந்தபோது சம்பந்தியம்மாள் மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். கத்துவாள், கூட்டத்தைக் கூட்டுவாள் என்று தங்கபுஷ்பம் மகளுக்கு முன்னால் வந்து நின்றாள். அந்தம்மாள் கத்தவில்லை.

"அதனால என்ன சம்பந்தி, எங்க ஊர்லயும் டெய்லர் இருக்கா" என்று மட்டும் சொல்லி, மருமகளைக் காரில் ஏற்றிக்கொண்டாள்.

ஓட்டமாக வீட்டுக்கு வந்து பார்த்தால், இந்துஜாவின் வயிறு ஒரு கையகலம்கூட எழும்பியிருக்கவில்லை. ஒரு நூல் அளவுக்கு இடம் விட்டிருந்தது, அவ்வளவுதான். தங்கபுஷ்பம் தெருவுக்கு ஓடினாள், எதிரே வந்த நாச்சியாரின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே கழுத்தெலும்பு ரெண்டும் குழித்துக்கொண்டு நின்றன. தண்ணி எடுத்துக்கொண்டு வந்த டீச்சரின் முந்தானையை இழுத்தாள், அங்கேயும் அதே உடம்பு. அத்தனை பேரும் அம்மன்மேல் சத்தியம் பண்ணியிருந்தார்கள். நான் ஒருத்தி பிரிக்காட்டா என்ன ஆயிரப்போவுது, அதான் ஊரே பிரிக்கே என்று நினைச்சேன் மைனி, என்று நாச்சியார் முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டே சொன்னாள். அவளை அறையக்கூடத் தங்கபுஷ்பத்துக்குக் கை எழும்பவில்லை. தாலி ஏறுகிற வரைக்கும் தானும் ஒன்றைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டுதானே இருந்தாள்.

மாசியில் நாள் நிறையும் முன்னாலேயே வலி கண்டது. பெண் குழந்தை. உள்ளங்கையில் வைத்தால் காலும் தலையும் கொஞ்சம் வெளியே தொங்கும், அவ்வளவுதான். ஆனால் உயிர் கெட்டி. பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து பங்குனியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பால்பாண்டியின் பழைய வேட்டியைக் கிழித்துத் தங்கபுஷ்பம் கையாலேயே சட்டை தைத்தாள், மிஷினை நம்பவில்லை. பார்க்க வந்த பெண்கள் தொட்டிலைச் சுற்றி நின்றார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். இரக்கப்படுகிறார்கள், இப்போதாவது புத்தி வந்திருக்கும், என்றுதான் தங்கபுஷ்பம் நினைத்தாள்.

பிறக்கும்போதே என்ன இடுப்பு, என்றாள் நாச்சியார்.

அப்புறம் எல்லோருக்கும் வாய் திறந்துகொண்டது. கையைப் பாரு, கழுத்தைப் பாரு, இது வளர்ந்தா எப்படி நிக்கும் என்றார்கள். ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து, சித்தி, பிள்ளை சட்டை ஒண்ணு அளவுக்குத் தாங்களேன் என்றாள். தங்கபுஷ்பம் அன்றைக்கு அவர்களை விளக்குமாற்றால் விரட்டினாள். அதிலிருந்து வெளியாள் ஒருத்தரையும் படி ஏற விடவில்லை. பிள்ளையின் சட்டைகளை வெயிலில் போடாமல் வீட்டுக்குள்ளேயே காயப்போட்டாள், கிழிந்தவற்றை அடுப்பில் போட்டு எரித்தாள். பிள்ளை பாலைக் குடித்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. தோள்பட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தது, தொடையில் ஒரு மடிப்பு விழுந்தது. அந்த மடிப்பைப் பார்த்துப் பார்த்து மாமியாரும் மருமகளும் கண் கலங்கினார்கள். இந்துஜா மறுபடி அத்தை அத்தை என்று பேச ஆரம்பித்திருந்தாள்.

சித்திரையில் பொன்மலர் வந்தாள். சொந்த மகளைப் படி ஏறாதே என்று எந்தத் தாய் சொல்லுவாள்? அவள் உடம்பு மறுபடி ஒடுங்கியிருந்தது, இது யாருடைய அளவோ, கழுத்து கொக்கு மாதிரி நீண்டிருந்தது. மூன்று மாதம் முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். தங்கபுஷ்பம் உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தாள், பொன்மலர் சட்டியை வழித்துத் தின்றாள். அண்ணன் மகளை மடியில் போட்டு ரொம்ப நேரம் கொஞ்சினாள், இடுப்பைத் தடவினாள், கைக்கு முத்தம் கொடுத்தாள். மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

மறுநாள் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுச் சட்டை எடுக்கப் போனால், கயிற்றில் ஒன்று குறைந்தது. தங்கபுஷ்பம் தொட்டிலை உதறினாள், பாயைப் புரட்டினாள், அடுப்புச் சாம்பலைக் கிளறினாள். அப்புறம் மகளுக்குப் போன் பண்ணினாள். பிள்ளை சட்டை ஒன்றை எடுத்திட்டுப் போனியா என்று மெதுவாகத்தான் கேட்டாள். பொன்மலர் இல்லை என்று சொல்லவில்லை.

"என் பிள்ளை பிறக்கும்போதே அந்த அளவுல பிறந்துட்டா, அதைப் பார்த்து ஒருத்தரும் கையை விரிச்சுக் காட்ட மாட்டாங்கள்லாம்மா. என் பிள்ளை தட்டை ஒருத்தரும் பார்க்க மாட்டாங்கள்லா?"

தங்கபுஷ்பம், சட்டையை அளவுக்குக் கொடுக்காதே, நாளைக்கே வந்து வாங்கிக்கிடுதேன், உன் காலைப் பிடிக்கேன் என்று சொல்ல வாயெடுத்தாள். போனுக்குள் மகள் அழுகிற சத்தத்துக்குப் பின்னால் ஒரு தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நூல் தீர்ந்ததோ, தைத்து முடிந்ததோ, அது நின்றது. மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையின் தொடையை இந்துஜா தூக்கிப் பார்த்தாள்.

"அத்தை, இங்க மடிப்பு இருந்துச்சுல்லா?" என்று கேட்டாள்.